நாலாவது தட்டு

இடம் இருக்கிறது அம்மா, ஏன் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்கிறீர்கள்? இந்தப் பையை நான் மடியில் வைத்துக்கொள்கிறேன். உட்காருங்கள். கோவில்பட்டிக்குத்தானே? கண்டக்டரிடம் நீங்கள் சொன்னது காதில் விழுந்தது. நானும் அங்கேதான். அப்படி ஓரத்தில் ஒட்டிக்கொண்டு உட்காராதீர்கள், வளைவில் விழுந்துவிடுவீர்கள். உள்ளே தள்ளி உட்காருங்கள். நான் ஒன்றும் கடித்துவிட மாட்டேன்.

பையில் நீட்டிக்கொண்டிருப்பதைப் பார்க்கிறீர்கள் போலிருக்கிறது. மரஸ்கேல்தான். ஓரத்தில் பித்தளைப் பட்டை வைத்தது. இப்போது இந்த மாதிரி கிடைப்பதில்லை. எல்லாம் பிளாஸ்டிக், ஒரு தட்டுத் தட்டினால் இரண்டாகிறது. இது நேற்று மதுரையில் மேடை ஏறிய ஸ்கேல்.

ஒருத்தியைப் பழி தீர்த்துவிட்டு வருகிறேன். பயப்படாதீர்கள், ரத்தம் கித்தம் எதுவும் இல்லை. ஒரு பெரிய ஹால், நிறைந்த கூட்டம், கையில் மைக். எனக்குச் சேர வேண்டியதை எல்லாருக்கும் முன்னால் வாங்கிக்கொண்டுதான் இறங்கினேன். அதை யாரிடமாவது சொல்ல வேண்டும் என்று இருக்கிறது. அக்கா மகள் பியூலா வீட்டில்தான் தங்கினேன். அவளும் நிகழ்ச்சிக்கு வந்திருந்தாள். காலையில் இட்லி வைக்கும்போது வாயைத் திறக்கவில்லை. நான் கிளம்பும்போது மட்டும், "சித்தி, போனை ஆஃப் பண்ணி வச்சிருங்க" என்றாள். பொறாமை. நாம் நாலு பேருக்குத் தெரிந்தவர்களாகிவிட்டால் சொந்தக்காரர்களுக்குத்தான் முதலில் வயிறு எரியும். நீங்களாவது கேளுங்கள்.

என் பெயர் ஞானசௌந்தரி. பெண்கள் பள்ளியில் இங்கிலீஷ் டீச்சராக இருந்து ரிட்டயர் ஆனவள். ஊரில் பாதிப் பேருக்கு என்னைத் தெரியும். உங்களுக்குத் தெரிந்திருக்காது, பரவாயில்லை.

'கரும்பலகை' என்று ஒரு பாட்டுக் குழு இருக்கிறதே, கேள்விப்பட்டிருக்கிறீர்களா? விக்டோரியா மகாராணி காலத்து இங்கிலீஷ் கவிதைகள் நம் பாடப்புத்தகங்களில் வந்துகொண்டே இருந்தன அல்லவா? பனி, மூடுபனி, கல்லறை, இருமி இருமிச் சாகிற சின்னப் பெண், இதெல்லாம். நாற்பது டிகிரி வெயிலில் உட்கார்ந்து நம் பிள்ளைகள் பனியை மனப்பாடம் பண்ணினார்கள். அந்தக் கவிதைகளை எடுத்து மெட்டுப் போட்டு, கிதார், பறை, கஞ்சிரா எல்லாம் சேர்த்துப் பாடுகிறார்கள். வார்த்தை எல்லாம் இங்கிலீஷ்தான். தாளம் மட்டும் கோயில் கொடைத் திருவிழா மேளம் மாதிரி. அதற்கு ஒரு கூட்டம், ஒரு ஆட்டம். கவிஞர் எழுந்து வந்தால் திரும்பவும் குழிக்குள் போய்ப் படுத்துக்கொள்வார்.

நான் முதலில் கேட்டது ஷேர் ஆட்டோவில். மருந்து வாங்கிக்கொண்டு வருகிறேன். டிரைவர் பாட்டுப் போட்டிருந்தான். டக், டக், டக் என்று மரத்தில் தட்டுகிற சத்தம். பிறகு ஒரு தட்டு விழ வேண்டிய இடத்தில் ஒன்றுமே இல்லை, வெறும் இடைவெளி. அந்த இடைவெளியில் டிரைவர் ஸ்டீயரிங்கில் உள்ளங்கையால் ஒரு போடு போடுகிறான். மறுபடி டக், டக், டக். என் உடம்பு சிலிர்த்துவிட்டது. இது என் தாளம் அம்மா! வேறு யாருடையதும் இல்லை. வருஷக்கணக்காக நான் வகுப்பில் போட்ட தாளம்!

"தம்பி, யார் பாட்டு இது?" என்றேன்.

"இஸா பாட்டு டீச்சர். நம்ம ஊருப் பிள்ளைதான். உங்க ஸ்கூல்லதான் படிச்சதாம், தெரியாதா?"

போனில் படத்தைக் காட்டினான். தலையைப் பாதி சிரைத்துக்கொண்டு, காதில் ஏழெட்டு வளையம். ஆனாலும் தெரிந்துவிட்டது. இஸாவாவது கிஸாவாவது! இசக்கியம்மாள். தீப்பெட்டி ஆபீஸில் வேலை பார்த்த செண்பகத்தின் மகள். இவள் விரல் நுனியில் எப்போதும் பசை காய்ந்து போயிருக்கும். கடைசி பெஞ்சு.

அவளை எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. காரணம் இருக்கிறது. ஒப்பிக்கச் சொன்னால் அவள் பாடுவாள். வேண்டுமென்றே செய்வாளோ, தானாக வருமோ, தெரியாது. கவிதை என்றால் தாளத்தில் நிற்க வேண்டும், இல்லையா? இவள் ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டால் இழுத்துக்கொண்டே போவாள். வகுப்பு முழுக்க அடுத்த வரிக்குப் போயிருக்கும், இவள் இன்னும் அங்கேயே நின்று குழைந்துகொண்டிருப்பாள். மற்ற பிள்ளைகள் வாயைப் பொத்திக்கொண்டு கேட்பார்கள். ரசிக்கிறார்களாம். திருத்தினேன். வருஷம் முழுக்கத் திருத்தினேன்.

இப்போது அந்தப் பெண் என் தாளத்தையே எடுத்து வைத்துப் பாடிச் சம்பாதிக்கிறாள்.

எந்தக் கவிதை என்று சொல்லவில்லையே. ஒரு சீமாட்டி. பெரிய மாளிகை. கூண்டில் ஒரு கரும்பறவை வளர்க்கிறாள். விரலில் போட்டிருக்கும் வெள்ளித் தையல் உறையால் கூண்டைத் தட்டினால் அது பாட வேண்டும். விருந்தாளி வந்தால் தட்டுவாள், பாடும். தூக்கம் வராவிட்டால் தட்டுவாள், பாடும். கடும்பனியில் தொண்டை கட்டினாலும் தட்டினால் பாடும். சீமாட்டி நோயில் படுத்ததும் பறவை பாடிப் பாடி அவளைத் தேற்றுகிறது. அவ்வளவுதான் கவிதை. பறவை நமக்கு என்ன கற்பிக்கிறது? கீழ்ப்படிதலைக் கற்பிக்கிறது. இரண்டு மதிப்பெண் கேள்வி. எல்லா வருஷமும் வரும்.

இவள் என்ன செய்திருக்கிறாள் தெரியுமா? கடைசியில் இல்லாத ஒரு பத்தியைச் சேர்த்துவிட்டாள். வசந்த காலம் வருகிறதாம். யாரோ கூண்டைத் திறந்து விட்டுவிடுகிறார்களாம். பறவை ஆப்பிள் மரத்தில் உட்கார்ந்து பாடுகிறதாம். சீமாட்டி ஜன்னலுக்கு வந்து கண்ணாடியைத் தட்டுகிறாள், தட்டுகிறாள், அது திரும்பியே பார்க்கவில்லையாம். எப்படி இருக்கிறது பாருங்கள்! கவிஞர் ஒரு பாடம் சொல்ல வந்தால், அதை அப்படியே கவிழ்த்துவிட்டாள். எங்கள் பழைய லைப்ரரியன் தேடிப் பார்த்து, "டீச்சர், அது அசல்லேயே இருக்கு. நம்ம புத்தகத்துலதான் வெட்டிட்டாங்க" என்றார். இருக்கட்டுமே! பாடத்தில் இல்லையே? பாடத்தில் இல்லாததை எதற்குத் தோண்டி எடுக்க வேண்டும்?

சரி, அதைக்கூட மன்னித்திருப்பேன். மன்னிக்க முடியாதது வேறு.

ஒரு பேட்டி பார்த்தேன். பேட்டி எடுத்தவள் கேட்கிறாள், "இந்தத் தாளம் எப்படி வந்துச்சு? அந்த நாலாவது இடத்துல ஏன் ஒண்ணுமே இல்ல?" இவள் தலையைக் குனிந்துகொண்டு சிரிக்கிறாள். "பள்ளிக்கூடத்துல ஒரு டீச்சர் அப்படித் தட்டுவாங்க" என்கிறாள். அவ்வளவுதான். அடுத்த கேள்விக்குப் போய்விட்டார்கள்.

ஒரு டீச்சர்!

பறை சொல்லிக்கொடுத்தவர் பெயரைச் சொல்கிறாள். கிதார் வாங்கிக் கொடுத்த அண்ணன் பெயரைச் சொல்கிறாள். தீப்பெட்டி ஆபீஸில் அம்மாவோடு பாடின பெண்கள் பெயரை எல்லாம் வரிசையாகச் சொல்கிறாள், முத்துக்கனி அக்கா, பேச்சி அக்கா என்று. இங்கிலீஷில் வாய் திறக்க வைத்த எனக்கு மட்டும் பெயர் இல்லை. நான் ரிட்டயர் ஆனபோது பள்ளிக்கூடத்தில் ஒரு சால்வை போட்டார்கள். மாணவிகள் சார்பாகப் பேச ஒரு பிள்ளையைக் கூப்பிட்டார்கள். அதற்குக் காய்ச்சல் என்றார்கள். அடுத்த பிள்ளையைக் கூப்பிட்டார்கள். அதற்கும் ஏதோ. கடைசியில் பி.டி. மாஸ்டர் பேசினார். இத்தனை வருஷம் உழைத்ததில், என் பெயரை ஒரு மாணவி வாயால் ஒரு மேடையில் கேட்டதில்லை நான். அப்படி இருக்கும்போது, ஊர் உலகமே கேட்கிற ஒருத்தி, என் தாளத்தை வைத்துக்கொண்டு, "ஒரு டீச்சர்" என்றால்?

விடவில்லை நான்.

முதலில் அந்தப் பாட்டின் கீழே எழுதினேன். 'இத்தாளம் என்னால் வகுப்பறையில் உருவாக்கப்பட்டது. உரிய முறையில் என் பெயரைக் குறிப்பிடுக. இப்படிக்கு, ஞானசௌந்தரி, ஆங்கில ஆசிரியை, பணி நிறைவு.' தினமும் காலையில் எழுதினேன். என்ன பதில் வந்தது தெரியுமா? 'ஆன்ட்டி, மோர் குடிங்க.' 'டீச்சர், ஹோம்வொர்க் எதுவும் உண்டா?' ஒருத்தன், 'அப்படியே ஹார்மோனியத்தைக் கண்டுபிடிச்சதும் நீங்கதானே?' என்று எழுதியிருந்தான். எழுத்துப்பிழை இல்லாமல் எழுதியிருந்தான், அது ஒன்றுதான் ஆறுதல்.

அப்புறம், நிகழ்ச்சி பேசுவதற்கென்று ஒரு நம்பர் போட்டிருந்தார்கள். அடித்தேன். ஒரு பையன் எடுத்தான்.

"கல்யாணமா மேடம், காலேஜா?"

"வழக்கு" என்றேன்.

"எந்த ஊர்ல?" என்று கேட்டான். நிகழ்ச்சி என்று நினைத்துவிட்டான், முட்டாள். விளக்கினேன். என் பெயரைச் சொன்னேன். கேட்டுச் சொல்கிறேன் என்று வைத்துவிட்டான். இனி எங்கே கூப்பிடப் போகிறார்கள் என்று நினைத்தேன். சாயங்காலமே போன் வந்தது. அவளேதான்.

"டீச்சர், இசக்கி பேசுறேன்."

"இசக்கியா? இஸான்னுல்ல சொன்னாங்க?"

"உங்களுக்கு இசக்கிதான் டீச்சர்."

"என் தாளத்தை எடுத்திருக்க."

"ஆமா டீச்சர்."

மறுப்பாள், சண்டை போடலாம் என்று ஒரு வாரமாக வாக்கியம் வாக்கியமாகத் தயார் பண்ணி வைத்திருந்தேன். அவள் ஆமா என்றதும் எனக்கு எங்கே ஆரம்பிப்பது என்றே தெரியவில்லை. "அப்ப பேட்டியில எதுக்கு 'ஒரு டீச்சர்'? எனக்குப் பேர் இல்லையா?" என்றேன்.

பின்னால் யாரோ கஞ்சிராவை வெயிலில் காய வைப்பதைப் பற்றி அந்தப் பக்கம் கத்திக்கொண்டிருந்தார்கள்.

"பேரு வேண்டாம்னுதான் டீச்சர் விட்டேன். அது உங்களுக்கு நல்லதுன்னு நெனச்சேன்."

"எனக்கு எது நல்லதுன்னு நீ சொல்ற அளவுக்கு வளந்துட்டியோ?"

"இல்ல டீச்சர்."

"எல்லாருக்கும் முன்னால எம்பேரைச் சொல்லணும். இந்தத் தாளம் யாரோடதுன்னு சொல்லணும்."

"நல்லா யோசிச்சுக்கிட்டீங்களா டீச்சர்?"

"யோசிக்க வேண்டியவ நீ."

பிறகு சொன்னாள், "மதுரையில ப்ரோக்ராம் இருக்கு. நீங்களே வாங்க. உங்க வாயாலேயே சொல்லுங்க. நான் ஒரு வார்த்தை கூடச் சேத்துச் சொல்ல மாட்டேன்."

"ஸ்கேலைக் கொண்டு வரவா?"

"இன்னுமா டீச்சர் வச்சிருக்கீங்க?"

"ரிட்டயர் ஆன அன்னிக்கு நான் ஸ்கூல்ல இருந்து எடுத்துட்டு வந்ததே இது ஒண்ணுதான்."

"கொண்டு வாங்க" என்றாள்.

குரல் இறங்கிவிட்டது. ஜெயித்துவிட்டேன் என்று எனக்கு அப்போதே தெரிந்துவிட்டது.

விருதுநகர் போய்விட்டதா? பேசிக்கொண்டே வந்ததில் கவனிக்கவில்லை. தண்ணீர் வேண்டுமா? முகமெல்லாம் வியர்த்திருக்கிறதே. அந்த ஷட்டரைக் கொஞ்சம் ஏற்றிவிடுகிறேன், காற்று வரட்டும்.

நேற்று சாயங்காலம் போனேன். மஞ்சள் பட்டு கட்டியிருந்தேன். நல்லாசிரியர் அவார்டு கொடுத்தால் கட்டலாம் என்று எடுத்து வைத்த புடவை. கொடுக்கவே இல்லை, புடவை பெட்டியிலேயே கிடந்தது. நேற்று கட்டினேன். என்னை முதல் வரிசையில், நடுவில் உட்கார வைத்தார்கள். மேடை நடுவில் என்ன இருந்தது தெரியுமா? ஒரு பள்ளிக்கூட டெஸ்க். நிஜமான பழைய டெஸ்க், மை கொட்டிய கறையோடு. அதுதான் அவர்களுக்கு மத்தளம். ஒரு பையன் அதன் முன்னால் உட்கார்ந்து ஒரு ஸ்கேலால் தட்டுகிறான். பிளாஸ்டிக் ஸ்கேல்! பார்த்ததும் சிரித்துவிட்டேன்.

மூன்று நான்கு பாட்டு முடிந்து கரும்பறவைப் பாட்டு வந்தது. டக், டக், டக். நாலாவது இடத்தில் ஹால் முழுக்கக் கை தட்டுகிறது! ஒரே சமயத்தில் அத்தனை உள்ளங்கையும். குழந்தைகள், காலேஜ் பிள்ளைகள், என்னைவிடப் பெரியவர்கள்கூட. டக், டக், டக், பளார். டக், டக், டக், பளார். என்ன சந்தோஷம் அவர்களுக்கு! எனக்கு ஆத்திரம் பொங்கிக்கொண்டு வந்தது. பாருங்கள், நாலாவது தட்டுதான் என் முறைக்கு உயிர். அதைக் கழற்றி எடுத்துவிட்டு, அந்த இடத்தை யார் வேண்டுமானாலும் நிரப்பிக்கொள்ளட்டும் என்று காலியாக விட்டால் என்ன அர்த்தம்? பக்கத்தில் பியூலாவும் கை தட்டினாள். தொடையில் ஒரு கிள்ளு கிள்ளினேன்.

பாட்டுக்கு நடுவே இசக்கி கையைத் தூக்கி எல்லாரையும் நிறுத்தினாள்.

"எல்லாரும் எங்கிட்டக் கேப்பீங்க, இந்தத் தாளம் யாரோடது, நாலாவது இடத்துல ஏன் ஒண்ணும் இல்லன்னு. நான் இதுவரைக்கும் சொன்னதில்ல. இன்னிக்கு அவங்களே வந்திருக்காங்க. எங்க இங்கிலீஷ் டீச்சர். பேரு ஞானசௌந்தரி."

அம்மா, அந்தக் கைதட்டலை நீங்கள் கேட்டிருக்க வேண்டும். சிலர் எழுந்தே நின்றார்கள். ஒரு பெண் விசில் அடித்தது. விசிலைக் கண்டித்திருப்பேன், நேற்று மட்டும் விட்டுவிட்டேன். மேடை ஏறினேன். என் கையில் மைக்கைக் கொடுத்துவிட்டு அவள் ஒதுங்கி நின்றாள். சொன்னபடியே ஒரு வார்த்தை பேசவில்லை.

நான் விளக்கினேன். நன்றாக, பொறுமையாக, வகுப்பில் சொல்வது போலவே சொன்னேன். இந்தக் கவிதையில் வரிக்கு நான்கு அழுத்தம். அதாவது, அழுத்திச் சொல்ல வேண்டிய நான்கு இடங்கள். பிள்ளைகளுக்குக் காது இல்லை, அதனால் கைக்குத்தான் சொல்லிக்கொடுக்க வேண்டும். ஒப்பிக்கிற பிள்ளை உள்ளங்கையை விரித்து டெஸ்க் மேல் வைக்க வேண்டும். முதல் மூன்று அழுத்தத்துக்கு டெஸ்க்கில் தட்டுவேன். நாலாவது டெஸ்க்கில் விழாது. கையில் விழும். சொல்லைச் சரியாகச் சொன்ன பிள்ளை அந்த நொடியில் கையை இழுத்துக்கொள்ளலாம். சொல் தப்பினாலோ, பாட்டாக இழுத்தாலோ, முந்திக்கொண்டு கையை எடுத்தாலோ, பித்தளைப் பக்கம். "நீங்க எல்லாரும் கை தட்டிக்கிட்டு இருந்தீங்களே, அந்த இடம்தான் அது. இந்தப் பிள்ளைங்க அதை விட்டுட்டாங்க. அதான் தாளம் மொட்டையா இருக்கு" என்றேன். இதே வார்த்தை. யாரும் மறுக்கவில்லை.

அதோடு விடாமல், நான் எவ்வளவு இரக்கம் பார்த்தேன் என்பதையும் சபைக்குச் சொன்னேன். இல்லாவிட்டால் என்னைக் கல்நெஞ்சக்காரி என்று நினைத்துவிடுவார்கள் அல்லவா? ஒரு நாள் இசக்கியின் அம்மா செண்பகம் பள்ளிக்கூடத்துக்கு வந்தாள். வாசலிலேயே செருப்பைக் கழற்றிவிட்டு நின்றாள். "டீச்சர், நீங்க அடிக்கறத நான் ஒண்ணும் சொல்லல. வலது கையில மட்டும் வேண்டாம் டீச்சர். வீக்கம் வந்துட்டா அவளால கட்டை அடுக்க முடியல" என்றாள். தீக்குச்சி அடுக்குகிற வேலை, வீட்டில் வைத்துச் செய்வார்கள். நான் உடனே ஒத்துக்கொண்டேன். அன்றிலிருந்து இடது கைதான். ஒரு ஏழைத் தாய் கேட்டாள், மறு பேச்சு இல்லாமல் மாற்றிக்கொண்டேன். வேறு எந்த டீச்சர் செய்வாள்? இதைச் சொன்னபோது முதல் வரிசையில் ஒரு அம்மாள் கண்ணைத் துடைத்தாள். நான் பார்த்தேன்.

பிறகு செய்து காட்ட வேண்டும் அல்லவா? வாயால் சொன்னால் புரியாது. "யாராவது கையை வைங்க" என்றேன். டெஸ்க்கில் தட்டிக்கொண்டிருந்த பையன் ஸ்கேலைக் கீழே போட்டுவிட்டு எழுந்து போய்விட்டான். இசக்கிதான் வந்தாள். டெஸ்க் முன்னால் உட்கார்ந்தாள். இடது கையை விரித்து வைத்தாள். யாரும் சொல்லவில்லை, அவளாகவே இடது கையை வைத்தாள். பழக்கம் போகாது, பாருங்கள்.

"சொல்லு" என்றேன். முதல் வரியை ஆரம்பித்தாள். டக். டக். டக்.

நாலாவது சொல்லில் வந்து பழையபடி இழுத்தாள்! மெதுவாக, நீளமாக, என் முகத்தையே பார்த்துக்கொண்டு. கையையும் எடுக்கவில்லை. ஓங்கிய ஸ்கேலை நான் என்ன செய்வது? போட்டேன். பலமாக இல்லை, செய்து காட்டுகிற அளவுக்குத்தான். மைக் பக்கத்தில் இருந்ததால் ஹால் முழுக்க அதிர்ந்தது. அப்போதும் கையை எடுக்கவில்லை. இத்தனை வருஷம் கழித்தும் அந்தப் பெண்ணுக்குக் கையை எப்போது இழுக்க வேண்டும் என்று தெரியவில்லை. அதை அங்கேயே சபையில் சொன்னேன். "இவளுக்கு அன்னிக்கும் வரல, இன்னிக்கும் வரல" என்றேன். என் பழி அந்த இடத்தில் தீர்ந்தது.

"நன்றி டீச்சர்" என்றாள். மைக்கை வாங்கிக்கொண்டாள். மறுபடி பாட்டை ஆரம்பித்தார்கள். அந்தப் பையன் திரும்பி வரவில்லை, இசக்கியே வலது கையில் அந்த பிளாஸ்டிக் ஸ்கேலை எடுத்துத் தட்டினாள்.

டக். டக். டக்.

நாலாவதில் ஒருத்தர்கூடக் கை தட்டவில்லை அம்மா. ஒருத்தர்கூட. அவ்வளவு பெரிய கூட்டம், குண்டூசி விழுந்தால் கேட்கும். என் வகுப்பில் நான் கேட்ட அதே அமைதி. ஒரு நிமிஷ நேரத்தில் ஒரு ஹாலையே ஒழுங்குக்குக் கொண்டுவந்துவிட்டேன். வரிக்கு வரி அந்த இடம் வந்தது, வரிக்கு வரி அமைதி. எனக்குக் கண் கலங்கிவிட்டது.

ஒரே ஒரு குறை. அந்தக் கடைசிப் பத்தி இருக்கிறதே, சீமாட்டி கண்ணாடியைத் தட்டுவது, அதைப் பாடும்போது இசக்கி எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றாள். நான் மேடையிலேயே ஒரு நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறேன். அழைத்து வந்த ஆளுக்கு முதுகைக் காட்டலாமா? "இசக்கி, இந்தப் பக்கம் பார்" என்று இரண்டு தடவை சொன்னேன். மைக் இல்லாததால் காதில் விழவில்லை போலிருக்கிறது. நாற்காலிக் கையில் ஸ்கேலால் தட்டிக்கூடப் பார்த்தேன்.

முடிந்து வெளியே வந்தபோது கூட்டம் எனக்கு வழி விட்டு விலகி நின்றது. யாரும் இடிக்கவில்லை, யாரும் கிட்டேகூட வரவில்லை. அவ்வளவு மரியாதை. ஆட்டோக்காரன்தான் ஒரு மாதிரிப் பார்த்தான். அவன் எங்கே படித்திருக்கப் போகிறான்.

இதோ, போன் மறுபடி அதிர்கிறது. காலையிலிருந்து நிற்கவில்லை. நேற்று நடந்ததை யாரோ படம் பிடித்துப் போட்டுவிட்டார்களாம். என் பெயரை லட்சம் பேர் பார்த்தாயிற்று என்று பியூலா புருஷன் சொன்னார். சொல்லிவிட்டு அவரும் எழுந்து போய்விட்டார். இப்போதைய தலைமையாசிரியைகூடக் கூப்பிட்டாள். "பள்ளிக்கூடத்துப் பேரையும் சொன்னீங்களா டீச்சர்?" என்று பதறிப் பதறிக் கேட்டாள். அவளுக்கும் பங்கு வேண்டும். "அது விட்டுப்போச்சும்மா, அடுத்த மேடையில சொல்லிடறேன்" என்றேன். வைத்துவிட்டாள்.

என்ன எழுதியிருக்கிறார்கள் என்று பார்க்கலாம் என்றால் கண்ணாடியைப் பியூலா வீட்டில் மறந்து வைத்துவிட்டேன். நீங்கள் கொஞ்சம் படித்துச் சொல்லுங்களேன். இதோ, இங்கே. என் பெயர் மேலேயே இருக்கிறது பாருங்கள், அதுவரைக்கும் எனக்கே தெரிகிறது. அதற்குக் கீழே? ஏன் மேலே தள்ளிக்கொண்டே போகிறீர்கள்? ஒன்றையாவது வாய்விட்டுப் படியுங்கள். சரி, கொடுங்கள். பஸ் குலுங்குகிறது, தலை சுற்றும். வீட்டுக்குப் போய்ப் பார்த்துக்கொள்கிறேன்.

உங்களுக்கு இன்னும் அந்தத் தாளம் பிடிபடவில்லை என்று நினைக்கிறேன். முகத்தைப் பார்த்தாலே தெரிகிறது. இதோ, முன் சீட்டுக் கம்பியில் தட்டிக் காட்டுகிறேன். உங்கள் கை அப்படியே கம்பியில் இருக்கட்டும், நான் ஒன்றும் செய்ய மாட்டேன். கேட்க மட்டும் செய்யுங்கள்.

டக். டக். டக்.

அட!

நான் நாலாவதுக்கு ஸ்கேலைத் தூக்கவே இல்லை, அதற்குள் இழுத்துவிட்டீர்களே! முந்தவும் இல்லை, பிந்தவும் இல்லை. கண்ணால் பார்க்கக்கூட இல்லை, எதிர்ப்பக்க ஜன்னலைப் பார்த்துக்கொண்டே இழுத்தீர்கள். இது சும்மா வருகிற விஷயம் இல்லை. இது பழகின கை. இது என் வகுப்பில் பழகின கை.

ஏ பிள்ளை, நீ எந்த வருஷம்? ஏ செக்‌ஷனா, பி செக்‌ஷனா? மதுரையிலிருந்து இவ்வளவு தூரம் வாயைத் திறக்காமல் உட்கார்ந்திருந்தாயே! பார்த்தாயா, என் முறை வீண் போகவில்லை. இசக்கிக்கு வராதது உனக்கு வந்திருக்கிறது. உன்னை மேடையில் வைத்துக் காட்டியிருந்தால் சபைக்குப் புரிந்திருக்கும். எங்கே, அந்த முதல் வரியைச் சொல்லு, கேட்போம்.

ஏன் எழுந்துவிட்டாய்? இது சாத்தூர். நம் ஊர் இன்னும் வரவில்லை. கண்டக்டர், இந்தப் பிள்ளை கோவில்பட்டிக்கு டிக்கெட் வாங்கியிருக்கிறது, இங்கே இறங்குகிறது பாருங்கள். நில்லம்மா, பஸ் இன்னும் நிற்கவில்லை. நான் சொன்னால் கேட்க மாட்டாயா? நில்.

உன் பெயரையாவது சொல்லிவிட்டுப் போ.